வேலை முடிந்த ராக்கெட் எங்கே போகிறது?

செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கைதட்டுவோம். அதைச் சுமந்து போன ராக்கெட் என்ன ஆயிற்று?

நம் பி.எஸ்.எல்.வி.க்கு நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் எரிந்து முடிந்ததும் கழன்று கடலில் விழுந்துவிடும். நான்காவது விழாது. செயற்கைக்கோளுக்கு வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் கொடுக்கும்போது அதற்கும் அதே வேகம் வந்துவிடுகிறதே! அதனால் அதுவும் பூமியைச் சுற்றத் தொடங்கிவிடும்.

சும்மா சுற்றினால் போகட்டும் என்று விடலாம். ஆனால் வெடித்தால்? 2001 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி.-சி3 மூன்று செயற்கைக்கோள்களைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டிசம்பர் 19 அன்று அதன் நான்காம் கட்டம் வெடித்து, 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அந்த வேகத்தில் வரும் ஒரு சிறிய திருகாணி போதும், நன்றாக இயங்கும் செயற்கைக்கோளை முடக்கிவிடும்.

வேலை முடிந்த கட்டம் எப்படி வெடிக்கும்? அதற்குள் எரிபொருள் ஒன்று, அதை எரிக்கும் ஆக்சிஜனேற்றி ஒன்று என இரண்டு திரவங்கள் இருக்கும். இவற்றுக்குத் தீப்பொறியே வேண்டாம். ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். வழியில் தீர்ந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கூடுதலாகவே நிரப்புவார்கள். மிச்சம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கொதிக்கும் வெயில், பிறகு பூமியின் நிழலில் கடுங்குளிர். வெயிலில் நிறுத்திய சைக்கிளின் டியூப் வெடிக்கிறதல்லவா, அதுபோல் உள்ளே அழுத்தம் ஏறும். தொட்டியின் சுவர் விரிசல் விட்டு இரண்டு திரவங்களும் கலந்தால் அவ்வளவுதான்.

இதற்கு மருந்து எளிது. வேலை முடிந்ததும் மிச்சத் திரவங்களை வெளியே விட்டுத் தொட்டிகளைக் காலியாக்கிவிட வேண்டும். இஸ்ரோ இப்போது அப்படித்தான் செய்கிறது. அதோடு நிற்காமல் அந்தக் கட்டத்துக்கு இன்னொரு வேலையும் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்!

2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி60இன் நான்காம் கட்டத்துக்கு போயம்-4 என்று பெயர். சூரியத் தகடுகள் மின்சாரம் தர, அது 24 கருவிகளோடு ஓர் ஆய்வுக்கூடமாகவே மாறியது. அங்கே வைத்த காராமணி விதைகள் முளைத்து இலையும் விட்டன! அதைத் தாழ்வான 350 கிலோமீட்டர் பாதைக்கு முன்பே இறக்கியிருந்தார்கள். அந்த உயரத்தில் காற்று மிக மிக மெலிது என்றாலும், உரசி உரசி வேகத்தைக் குறைத்துவிடும். 2025 ஏப்ரல் 4 அன்று போயம்-4 வளிமண்டலத்துக்குள் நுழைந்து, இந்தியப் பெருங்கடலில் விழுந்தது.

மிக உயரத்தில் விடப்பட்ட பழைய கட்டங்களுக்கு இந்த வழி இல்லை. அங்கே காற்றின் உரசல் மிகக் குறைவு. தானாக விழ நூற்றாண்டுகள்கூட ஆகும். யாராவது போய்ப் பிடித்து இறக்க வேண்டும். 2024இல் ஜப்பானின் அட்ராஸ்-ஜே விண்கலம், 2009இல் ஏவிய ஓர் எச்-2ஏ ராக்கெட்டின் மேல்கட்டத்தை நெருங்கி, 15 மீட்டர் தூரம்வரை போனது. சுற்றிவந்து படம் எடுத்தது. அதைப் பிடித்துக் கீழே கொண்டுவரும் அடுத்த விண்கலத்துக்கான வேலை இப்போது நடக்கிறது.