ஊட்டிக் குளிரில் தெருக் கூட்டுபவர்களின் கை ஏன் மரத்துப் போகிறது?

டிசம்பர் வந்தாலே நம்ம ஃபீட் முழுக்க ஊட்டி உறைபனி ரீல்ஸ்தான். வெள்ளையா புல்வெளி, கார் கண்ணாடியில ஐஸ். அந்த ரீல் எடுக்கிற அதே நேரத்துல அந்த ஊர்த் தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்களைப் பத்திதான் இந்த எபிசோட்.

முதல்ல நேரத்தைப் பார்ப்போம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கு. மேகம் இல்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் இல்லை, சூரியன் உதிக்கிற நேரத்தை ஒட்டித்தான் வரும். தெருக் கூட்டுற வேலை தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்துலதான்.

கைதான் முதல் பலி

குளிர் அடிச்சா உடம்பு இதயம், மூளை பக்கம் சூட்டைக் காப்பாத்தப் பார்க்கும். அதுக்காகக் கை, கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிடும். விரல் மரத்துப் போகிறது இதனாலதான். மரத்துப் போன விரலைக் குப்பைக்குள்ள விட்டால் கண்ணாடித் துண்டோ ஊசியோ கிழிச்சது கூட உடனே தெரியாது. பிடியும் தளர்ந்துடும்.

இதுக்குப் பூஜ்ஜியம் டிகிரி வரைக்கும் போகணும்னு அவசியமில்லை. தொழில்சார் சுகாதாரத்துக்கான அமெரிக்க அமைப்பான ஏசிஜிஐஹெச், 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெறுங்கையால் 10 முதல் 20 நிமிடத்துக்கு மேல் நுணுக்கமான வேலை செய்தாலே, கைகளைச் சூடா வைக்கத் தனி ஏற்பாடு வேணும்னு சொல்லுது. 16 டிகிரி என்பது நம்ம ஏசி ரிமோட்டுல இருக்கிற நம்பர்!

ஈரமும் காற்றும்

தெர்மாமீட்டர் காட்டுறது ஒரு இன்புட் மட்டும்தான். இன்னும் ரெண்டு இருக்கு.

ஒண்ணு ஈரம். தண்ணீர், காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். பனியில் நனைஞ்ச செருப்பு, சாக்கடைத் தண்ணி, வேலை செஞ்சு வந்த வியர்வை, எல்லாமே கணக்குல வரும். பருத்தித் துணி நனைஞ்சா காக்கிற தன்மை போயிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு காக்கும்.

இன்னொண்ணு காற்று. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் கொண்டுவந்த கணக்குப்படி, 2 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடிச்சா, தோலுக்கு அது சுமார் மைனஸ் 3 மாதிரி. குப்பை வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறவருக்கு அந்தக் காற்றை வண்டியே உருவாக்குது.

என்ன செய்யணும்?

ரப்பர் கையுறை தண்ணியைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. உள்ளே கம்பளிக் கையுறை, வெளியே நீர் புகாத கையுறை என ரெண்டு அடுக்கு வேணும். மாத்திக்க ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸும் கையுறையும் தரணும். நடுவில் போய்ச் சூடாக உட்கார ஒரு அறை வேணும், கழிப்பறையோடு. குளிரில் சிறுநீர் அதிகம் போகும். கழிப்பறை இல்லாததால் தண்ணி குடிக்காம இருக்கிற பெண்கள் நிறைய.

செலவே இல்லாத ஒரு வழியும் இருக்கு. உறைபனி நாட்களில் வேலையை வெயில் வந்த பிறகு தொடங்கலாம்.

நடுங்கிட்டு இருந்தவர் உளற ஆரம்பிச்சாலோ, தடுமாறினாலோ, நடுக்கம் திடீர்னு நின்னாலோ அது ஆபத்து. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போறதைத்தான் ஹைப்போதெர்மியான்னு சொல்றாங்க. ஈர உடையைக் கழற்றி, போர்வை போர்த்தி, 108-க்கு அழைக்கணும். நினைவோடு இருந்தால் சூடா இனிப்பு டீ தரலாம். மது கூடாது, அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி உள்ளே இருக்கிற சூட்டை வெளியேத்திடும். மரத்த கையை நெருப்பில் காட்டவும் கூடாது, சுட்டாலும் தெரியாது. மூடிய அறைக்குள்ள கரி மூட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துடும்.

சட்டம்?

2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-வது பிரிவு வெப்பநிலை பத்திப் பேசுச்சு. ஆனா அது வேலை நடக்கும் அறைக்கு. தெருவுக்கு அறை இல்லையே! அதனால கையுறை முதல் வேலை நேரம் வரை நகராட்சியும் ஒப்பந்ததாரரும் எழுதிக் கொள்கிற ஒப்பந்தத்துலயே இருக்கணும்.

ஊட்டிக்குப் போற நாம செய்யக்கூடியது: உடைஞ்ச பாட்டிலைக் காகிதத்தில் சுத்தித் தனியா வைங்க. ஈரக் குப்பையில் தண்ணியை வடிச்சிட்டுக் கொடுங்க. அந்தத் தண்ணி ஒழுகுறது அவங்க கையுறைக்குள்ளதான்.