கம்பி வழியே ஓசை – 11: எந்தத் துளையில் எந்த ஜாக்?

பெங்களூரின் தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்கு முதன்முறை வரும் தமிழர்களுக்கு இரண்டு வியப்பு காத்திருக்கும். பெயரை நம்பிச் சிவனைத் தேடினால், ஸ்ரீதேவி பூதேவியோடு பெருமாள் நிற்கிறார். கல்லை உற்றுப் பார்த்தால் தமிழ் எழுத்து. கெம்பே கவுடா 1537இல் பெங்களூருக்குக் கோட்டை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, இந்த ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறித்துவைத்த கல்வெட்டுகள் அவை. இந்தத் தொடருக்கு வேண்டியது மூன்றாவதாக ஒன்று. கருங்கல் ஒலியைக் குடிப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடும். அதனால் கல் மண்டபத்தில் முணுமுணுத்துப் பாடுகிறவருக்கும் தன் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்கும்.

அந்தப் பெரிய குரலுக்கு ஆசைப்பட்டுத்தான் மனிதர்கள் ஒரு நூற்றாண்டாகக் கம்பியும் தகடும் நாடாவும் சில்லும் வைத்துப் போராடியிருக்கிறார்கள். 1947இல் அமெரிக்க ஒலிப்பதிவாளர் பில் பட்னம், ஹார்மோனிகா குழு ஒன்றின் பாட்டுக்கு எதிரொலி வேண்டி ஸ்டூடியோவின் குளியலறையில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்தார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியில் ஒரு பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைத்தார்கள். இ.எம்.டி. 140 என்ற அந்தக் கருவியைத் தூக்க நாலைந்து பேர் வேண்டும். 1974இல் ரோலண்ட் நிறுவனம் காந்த நாடாவைச் சுற்றவிட்டு ‘ஸ்பேஸ் எக்கோ’ ஆர்.இ-201ஐ வெளியிட்டது. 1976இல் இ.எம்.டி. 250 வந்தபோது எதிரொலி எண்களாக மாறியிருந்தது. இன்று இத்தனையும், கூடவே இன்னும் நூறு சமாச்சாரமும், தோள்பையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. கடைக்காரர் அதை எஃபெக்ட்ஸ் பிராசசர் என்பார். மேடைக்காரருக்கு அது இன்னும் ‘எக்கோ பெட்டி’தான்.

பெட்டி சுருங்கியதே தவிர, தலைவலி சுருங்கவில்லை. இந்திராநகரை ஒட்டிய தொம்மலூர் அடுக்ககம் ஒன்றில், கிட்டார் பயிலும் ஓர் இளைஞர் புதுப் பெட்டியைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் ஏழெட்டுத் துளைகள். எல்லாவற்றிலும் ஒரே 6.35 மி.மீ. ஜாக் போகும். போகும் என்பதுதான் ஆபத்து. தவறான துளையில் செருகினாலும் ஏதோ ஒரு சத்தம் வரும், பெட்டி மட்டம் என்ற முடிவுக்கும் வந்துவிடலாம். இந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லப்படும் புகார்களில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் சில்லைச் சேர்ந்ததல்ல. எங்கே செருகினார்கள், எந்த அளவில் செருகினார்கள் என்பதைச் சேர்ந்தது.

முதலில் மின்சாரம். பெரும்பாலான கிட்டார் பெடல்களும் பிராசசர்களும் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. வீட்டில் பழைய ரேடியோவுக்கோ மோடத்துக்கோ வந்த 9 வோல்ட் அடாப்டர் கிடக்கும், முனையும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கிட்டார் உலகத்தின் வழக்கம் நடுவில் நெகட்டிவ், மற்ற வீட்டுச் சாதனங்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். அடாப்டர் மீதும் பெட்டி மீதும் சின்ன வட்டப்படம் ஒன்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பத்து விநாடி, சில ஆயிரம் ரூபாயைக் காக்கும். அடுத்தது மில்லி ஆம்பியர். ஒற்றைப் பெடலுக்குப் பெரும்பாலும் 100 போதும், பிராசசருக்கு 500, சிலவற்றுக்கு அதற்கு மேலும்கூட வேண்டியிருக்கும். பெட்டி கேட்பதைவிட அடாப்டர் அதிகம் தருவதால் கெடுதல் இல்லை. குறைந்தால்தான் பெட்டி நடுப்பாட்டில் அணைந்து எரியும்.

பிறகு அந்த ‘ங்ங்ங்’. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெட்டி ஒரு சுவர்ப் பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவர்ப் பிளக்கிலும் இருந்தால், இரண்டின் எர்த்தும் கேபிள் உறையும் சேர்ந்து ஒரு வளையமாகி அந்த 50 ஹெர்ட்ஸை ஒலிபெருக்கிக்குள் கொண்டுவந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் டி.ஐ. பெட்டியில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் இருக்கிறது. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து ஹம்மை நிறுத்தும் வைத்தியம் மட்டும் கூடாது. ஹம் நிற்கும், உண்மைதான். கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்துப் பாடுகிறவருக்கு அந்த எர்த் முள்தான் உயிர்க்காப்பு.

இனி நுழைவாயில். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது சிறிய, எளிதில் சோர்ந்துபோகும் மின்னலை. அதை இழுத்துக் களைப்படையச் செய்யாதபடி பெட்டியின் ‘இன்புட்’ சுமார் 1 மெகா ஓம் தடையோடு வடிவமைக்கப்பட்டிருக்கும். வீணையிலோ வயலினிலோ ஒட்டும் பீசோ பிக்கப்புக்கு அதுவும் போதாது. நேரடியாகச் செருகினால் அடிநாதம் கரைந்து, மேலே கிறீச்சென்ற ஓசை மட்டும் மிஞ்சும். நடுவில் ஒரு பிரீஆம்ப் வேண்டும். மைக் கதை வேறு. அதன் மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். கேபிளுக்கு ஒரு மாற்றி வாங்கி கிட்டார் துளையில் திணிப்பவர்கள் உண்டு. வரும் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருக்கும். பாட்டுக்குத் தனிப் பிராசசர் உண்டு, இல்லையென்றால் மிக்சர் வழி உண்டு.

கேபிளுக்குப் பெங்களூர்க்காரர்கள் எஸ்.பி. ரோடு போவார்கள். மின்னணு உதிரிகள் பலவும் அந்தச் சந்துகளில் கிடைக்கும். மீட்டர் கணக்கில் ஷீல்டு வயர் வாங்கி, ஜாக்கைத் தானே பற்றவைத்துக்கொள்ளலாம். முனைக்கு உள்கம்பி, உறைக்கு வெளிவலை, அவ்வளவுதான் மோனோ ஜாக். மேடையில் ஓடியாடலாம் என்று பதினைந்து மீட்டர் வெட்டினால்தான் சிக்கல். கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவே கேபிள் நீள நீள உயர் ஓசைகள் மங்கிக்கொண்டே போகும். ஐந்தாறு மீட்டர் நல்ல அளவு.

உள்ளே சிக்னல் வந்ததும் செய்ய வேண்டியது, எவ்வளவு பலமாக மீட்டினாலும் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு ‘இன்புட்’ அளவைக் குறைப்பது. டிஜிட்டல் பெட்டியின் கதவிலேயே நசுங்கிய ஒலியை, பின்னால் எந்தக் குமிழாலும் நிமிர்த்த முடியாது.

வெளியே போகும் வழியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கி உயர் ஓசைகளை இயல்பாகவே மழுக்கிவிடும். வீட்டு ஸ்பீக்கரோ மேடை மிக்சரோ மழுக்காது. அதனால் பிராசசருக்குள் ‘கேபினெட் சிமுலேஷன்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மிக்சருக்குப் போனால் அதைப் போட வேண்டும், கிட்டார் ஆம்புக்குப் போனால் அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஓரிடத்தில் தேனீக்கூடு கலைந்த இரைச்சல், இன்னோரிடத்தில் போர்வைக்குள் வாசித்த ஓசை. ஒரே ஒரு கேபிள்தான் என்றால், ‘எல் / மோனோ’ என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். வலப்பக்கத் துளையில் செருகினால் ஸ்டீரியோவாக விரித்த ஒலியில் பாதிதான் வந்து சேரும்.

பெட்டிக்குள் எது முன்னால், எது பின்னால் என்பதிலும் காரணம் உண்டு. வா-வாவும் கம்ப்ரசரும் முதலில், ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன் அடுத்து, கோரஸ் போன்றவை அதன்பின், எதிரொலி தரும் டிலேயும் ரிவர்பும் கடைசியில். தலைகீழாக வைத்தால், எதிரொலியின் மெல்லிய வாலையும் டிஸ்டார்ஷன் பிடித்துப் பெரிதாக்கி, வாசித்த ஸ்வரத்தோடு சமமாக நிறுத்திவிடும். கூட்டத்தில் எல்லோரும் ஒரே சமயம் கத்துவதுபோல் இருக்கும். வேண்டுமென்றே அப்படி வைக்கும் கிட்டார் கலைஞர்களும் உண்டு. அவர்கள் தெரிந்து செய்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபயரின் சொந்த டிஸ்டார்ஷனே பிடித்திருந்தால், ‘நாலு கேபிள் முறை’ என்று ஒன்று. கிட்டாரிலிருந்து பெட்டியின் இன்புட், பெட்டியின் செண்டிலிருந்து ஆம்பின் இன்புட், ஆம்பின் செண்டிலிருந்து பெட்டியின் ரிட்டர்ன், பெட்டியின் அவுட்புட்டிலிருந்து ஆம்பின் ரிட்டர்ன். காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டுச் செருகினால் ஐந்து நிமிட வேலை. இணைத்து முடித்த பின் பெட்டிக்கு முதலில் மின்சாரம், ஆம்புக்குக் கடைசியில். அணைக்கும்போது எதிர்வரிசை. ‘டம்’ என்ற அந்த வெடியிலிருந்து ஸ்பீக்கர் தப்பும்.

மைக் செட்டுக்கு வருவோம். தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் எக்கோவைக் கேட்டுப் பழகியது ராக் கச்சேரியில் அல்ல, திருவிழா மெல்லிசை மேடையில். அங்கே பெட்டி, பாடகருக்கும் மிக்சருக்கும் நடுவே உட்காராது, மிக்சருக்குப் பக்கவாட்டில் உட்காரும். ஒவ்வொரு மைக்கிலிருந்தும் கொஞ்சம் ‘ஆக்ஸ் செண்ட்’ வழியாகப் பெட்டிக்குப் போய், எதிரொலியாக வேறொரு சேனலில் திரும்பும். அசல் குரல் மிக்சருக்குள் ஏற்கெனவே இருப்பதால், பெட்டியின் ‘மிக்ஸ்’ முழுக்க எதிரொலியாக, அதாவது 100 சதவீதத்தில், இருக்க வேண்டும். பாதியில் வைத்தால் அசல் குரல் இரண்டு வழியில் வந்து ஒன்றை ஒன்று அரிக்கும். திரும்பி வரும் சேனலின் அதே ஆக்ஸ் குமிழைத் தப்பித்தவறித் திருப்பினால், எதிரொலிக்கு எதிரொலி பிறந்து பந்தல் முழுக்க ஊளையிடும். செண்ட் ‘போஸ்ட் ஃபேடர்’ ஆக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நுட்பம். இல்லாவிட்டால், பாடகரின் குரலைக் குறைத்த பிறகும் அவருடைய எக்கோ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும்.

தொம்மலூர் வழியாகப் போகும் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைக்கும் இந்த மிக்சருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண்தான் ராடெல் என்ற பெயரில் மின்னணுச் சுருதிப் பெட்டியையும் தம்புராவையும் செய்து கச்சேரி மேடைகளில் பரப்பியவர். இன்று அந்தச் சுருதிப் பெட்டியும் மிக்சரில் ஒரு சேனல். அதன் எக்கோ குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஓயாமல் ஒலிக்கும் ஒன்றுக்கு எதிரொலி சேர்த்தால் கிடைப்பது மூட்டம் மட்டும்தான்.

கர்நாடக இசைக்காரர் கையில் பிராசசர் வந்தால் விதிகள் கொஞ்சம் மாறும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தது, தந்தியை இழுத்துக் கமகம் காட்டவும் நாதம் நீளவும்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த கிட்டார் பிரசன்னா, ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற ஆல்பத்தையே ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு வணக்கமாகச் செய்தார். ஓவர்டிரைவும் கம்ப்ரசரும் நாதத்தை நீட்டுவதால், சௌக்க காலக் கமகத்துக்கு அவை உண்மையிலேயே உதவும். டிலே அப்படியல்ல. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டிருக்கும்போது, அரை விநாடிக்கு முந்தைய அசைவு திரும்பி வந்து அதன்மேல் படுத்தால், இரண்டுமே கெடும். ஆலாபனையில் டிலேயை அணைத்துவிட்டு, சிறிய ரிவர்போடு நிறுத்துவது நல்லது. ‘ஹார்மனைசர்’ இன்னும் மோசம். அது மேஜரா மைனரா என்று கேட்கும். மாயாமாளவகௌளையைச் சில பெட்டிகளில் நாமே பதிந்துகொள்ளலாம்தான். ஆனால் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் வழுக்கும் கமகத்தைக் கண்டால், எந்தப் படியில் நிற்பது என்று தெரியாமல் அது தடுமாறும்.

தாளத்தோடு வாசிக்கும்போது டிலே வேறு முகம் காட்டும். 60,000ஐ நிமிடத்துக்கு எத்தனை அட்சரம் என்பதால் வகுத்தால், மில்லி விநாடியில் விடை வரும். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் 750. அதில் பாதி 375, திஸ்ர நடைக்கு மூன்றில் ஒரு பங்கு 250. பல்லவியில் இந்த 250ஐ வைத்துக்கொண்டு மிருதங்கத்தோடு விளையாடலாம். காலப்பிரமாணம் கச்சேரியில் இம்மியளவாவது நகரும் என்பதால், எண்ணைப் பதிந்து வைப்பதைவிடக் காலால் தட்டிச் சொல்லும் ‘டாப் டெம்போ’ மேல்.

இந்த எண்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், இதே கர்நாடகத்தில் விஜயபுரத்தின் கோல் கும்பஸுக்குப் போகலாம். அதன் குவிமாடத்துக்குள் ஒரு பக்கச் சுவரருகே கை தட்டினால், கிட்டத்தட்ட 37 மீட்டர் தள்ளியுள்ள எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்ப ஒலிக்கு 0.2 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். பெட்டியில் டிலே குமிழை 215 மில்லி விநாடியில் வைப்பது, அந்த விட்டத்தைக் கையால் சுழற்றித் தொடுவதுதான்.

ரிவர்புக்கு அளவுகோல் வேறு. ஹார்வர்டின் வாலஸ் சபைன் 1895 முதல், ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இருக்கை மெத்தைகளைச் சுமந்து கொண்டுவந்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறை பெரிதாக ஆக நேரம் கூடும், உறிஞ்சும் பொருள் சேரச் சேரக் குறையும். மனிதர்களும் உறிஞ்சும் பொருள்தான். தொம்மலூரிலேயே பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரின் அரங்கத்தில் பேச்சும் நடக்கிறது, பாட்டும் நடக்கிறது. இது போன்ற எந்த அரங்கத்திலும் மாலை நாலு மணிக்கு, காலி நாற்காலிகளுக்கு முன் வைத்த ரிவர்ப், ஏழு மணிக்குக் கூட்டம் நிறைந்ததும் வறண்டு கேட்கும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சவுண்ட்காரர் எழுந்து அரங்கத்தின் பின்வரிசைக்கு நடந்து போய் நின்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து ரிவர்ப் குமிழை மறுபடி தொட வேண்டும்.

பாடகருக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பது அடுத்த புகார். மானிட்டர் ஸ்பீக்கரை எங்கே, எந்தக் கோணத்தில் வைப்பது என்பது அடுத்த வாரம்.