நிலவில் நடந்த ரப்பர்: விண்வெளி உடையின் கதை

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் வளரும் மாணவர்களுக்குப் பால்மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்று பல தோட்டங்களில் செம்பனை நின்றாலும், விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போனது, மரம் வெட்டியது, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தது என்று தாத்தா பாட்டி சொன்ன கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. நம் நாட்டில் ரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக நட்ட இடமும் மலாக்காதான். 1896-ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அந்த முயற்சியைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் அசஹானில் மிகப் பெரிய தோட்டம் உருவானது.

அந்த மரத்தின் பாலுக்கும், 1969 ஜூலை 20-ஆம் தேதி நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின் ஆகியோருக்கும் என்ன தொடர்பு? அவர்கள் முழங்கை, முழங்கால், தோள் ஆகியவற்றை மடக்க முடிந்ததற்குக் காரணம், உடையின் மூட்டுகளில் இருந்த ரப்பர். இயற்கை ரப்பரும் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரும் கலந்து அந்த மூட்டுகள் செய்யப்பட்டன. உடையைத் தைத்த அமெரிக்க நிறுவனத்தின் பெயரே 'இன்டர்நேஷனல் லேட்டக்ஸ் கார்ப்பரேஷன்'. லேட்டக்ஸ் என்றால் வேறொன்றும் இல்லை, பால்மரத்துப் பால்தான்!

உடை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

நம்மைச் சுற்றியுள்ள காற்று நம் உடலை எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்தில் இந்த அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். பிறந்தது முதல் பழகிவிட்டதால் நாம் அதை உணர்வதில்லை. விண்வெளியில் அந்த அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசுக்கு முன்பே கொதித்துவிடும் என்று படித்திருப்பீர்கள். அழுத்தம் சுமார் 6.3 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்கினால், நம் உடலின் 37 டிகிரி வெப்பமே நீரைக் கொதிக்க வைக்கப் போதும். தரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் உயரத்திலேயே இந்த நிலை வந்துவிடுகிறது.

இதை நேரில் அனுபவித்தவர் ஒருவர் உண்டு. 1966-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், காற்று வெளியேற்றப்பட்ட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார் ஜிம் லெபிளாங்க். உடைக்குக் காற்றுத் தரும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகளில் அவர் நினைவிழந்தார். உடனே அறைக்குள் காற்று செலுத்தப்பட்டதால் உயிர் பிழைத்தார். நாக்கின் மேலிருந்த உமிழ்நீர் குமிழியிட்டதுதான் தனக்குக் கடைசியாக நினைவிருப்பதாகப் பின்னர் கூறினார்.

ஆகவே விண்வெளி உடையைக் குளிருக்கான கனத்த சட்டையாக நினைக்கக் கூடாது. அது மனிதன் அணிந்துகொள்ளும் ஒரு சிறிய விண்கலம். அழுத்தம், உயிர்வாயு, தட்பவெப்பம் மூன்றையும் அது ஒருசேரக் கவனிக்க வேண்டும்.

ஊதிய பலூனை மடக்க முடியுமா?

உடைக்குள் காற்றை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே அழுத்தம், வெளியே வெற்றிடம் என்றால் உடை பலூனைப் போல உப்பி விறைத்துவிடும்.

1965 மார்ச் 18-ஆம் தேதி, உலகில் முதன்முதலாக விண்கலத்தை விட்டு வெளியே மிதந்தார் ரஷ்ய வீரர் அலெக்சி லியோனோவ். சுமார் 12 நிமிடங்கள் வெளியே இருந்தார். அதற்குள் உடை உப்பியதால் விரல்கள் கையுறையை விட்டும், பாதங்கள் காலணியை விட்டும் விலகிப்போயின. கலத்துக்குள் திரும்ப நுழைய முடியவில்லை. வேறு வழியின்றி உடைக்குள் இருந்த அழுத்தத்தைத் தானே குறைத்து, உடையைத் தளரச் செய்து, உள்ளே நுழைந்தார். இன்னும் அதிகமாகக் குறைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு ஒரு சிறு கணக்கு பார்ப்போம். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பயன்படும் அமெரிக்க உடைக்குள் அழுத்தம் சுமார் 30 கிலோபாஸ்கல். 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தின் பரப்பு 0.01 சதுர மீட்டர். விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்குவது. எனவே அந்தச் சிறு சதுரத்தை மட்டும் 300 நியூட்டன் விசை வெளியே தள்ளுகிறது. ஏறக்குறைய மூன்று 10 கிலோ அரிசி மூட்டைகளின் எடை அது!

பூமியில் 101 கிலோபாஸ்கலில் வாழும் மனிதன் 30 கிலோபாஸ்கலில் எப்படி மூச்சு விடுகிறான் என்று கேட்பீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் உயிர்வாயு சுமார் 21 விழுக்காடுதான். அதாவது 101-இல் அதன் பங்கு 21 கிலோபாஸ்கல். உடைக்குள் தூய உயிர்வாயுவை மட்டும் நிரப்பினால் 30 கிலோபாஸ்கலே போதும். ஆனால் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்பட்டு ஆபத்தை விளைவிக்கும். சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவது போன்றது இது. அதனால்தான் வீரர்கள் வெளியே செல்லும் முன்பே தூய உயிர்வாயுவைச் சுவாசித்து நைட்ரஜனை உடலிலிருந்து வெளியேற்றுகிறார்கள்.

ஆர்மோனியப் பெட்டியும் முழங்கையும்

நீண்ட பலூன் ஒன்றை மடக்கிப் பாருங்கள். மடக்கும் இடத்தில் அதன் கொள்ளளவு குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. கையை எடுத்ததும் பலூன் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். விண்வெளி உடையின் முழங்கையும் இப்படி இருந்தால், ஒவ்வொரு முறை கையை மடக்கும்போதும் வீரர் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சில நிமிடங்களில் களைத்துப் போவார்.

கோவில் பஜனையில் வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புகள் உள்ள குழாயை வளைத்தால் உள்பக்க மடிப்புகள் சுருங்கும், வெளிப்பக்க மடிப்புகள் விரியும். மொத்தக் கொள்ளளவு அவ்வளவாக மாறாது. அதனால் வளைப்பது எளிது. அப்போலோ உடையின் மூட்டுகள் இந்த முறையில்தான் அமைந்தன. துருத்தி நீண்டுவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் உறுதியான கம்பி வடங்கள் பிடித்துக்கொண்டன.

இந்த மூட்டுகளுக்கு ரப்பர் ஏன் பொருத்தம்? ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். இழுத்தால் நிமிரும், விட்டால் சுருளும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே பிணைப்புகள் உண்டாகி ரப்பர் வலுப்பெறும். இந்த வல்கனைசேஷன் முறையை 1839-இல் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் குட்இயர். படிவம் 5 வேதியியலில் பாலிமர் பாடத்தில் இதைப் படிப்பீர்கள்.

பால் உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பதும், உறைய வைக்க ஆசிட் ஊற்றுவதும் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த வேதியியல். உறையாத பாலில் அச்சை முக்கி எடுத்தால், அச்சின் வடிவிலேயே மெல்லிய ரப்பர் படலம் கிடைக்கும். ரப்பர் கையுறை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடான மலேசியாவின் தொழிற்சாலைகளில் நாள்தோறும் நடப்பது இந்த முக்கியெடுக்கும் வேலைதான். அப்போலோ உடையின் மூட்டுகளும் கையுறையின் உட்பகுதியும் இதே முறையில் உருவாயின. ஒவ்வொரு வீரரின் கையையும் அச்செடுத்து அவருக்கென்றே கையுறை செய்தார்கள்.

உடையைத் தைத்தவர்கள் அந்த நிறுவனத்தின் தையல் பெண்கள். அதற்கு முன் அந்நிறுவனம் பெயர் பெற்றிருந்தது பெண்களுக்கான உள்ளாடைகளுக்கு! 21 அடுக்குகள் கொண்ட நிலவு உடையில், தையல் அரை மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது. துணிகளுக்கிடையே ஒரு குண்டூசி மறந்து தங்கிவிட்டால் காற்றுப்பை கிழிந்துவிடும் என்பதால், உடைகளை எக்ஸ்ரே எடுத்தே பார்த்தார்கள்.

நம் நாட்டவர் அணிந்த உடை

2007 அக்டோபர் 10-ஆம் தேதி, டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டு, விண்வெளிக்குச் சென்ற முதல் மலேசியரானார். அத்திட்டத்துக்கு 11,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். அவர்களிலிருந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வான நால்வரில் ஒரே பெண், தமிழரான பொறியியலாளர் வனஜா.

டாக்டர் ஷேக் முஸாபர் பயணத்தின்போது அணிந்தது 'சோகோல்' என்னும் ரஷ்ய உடை. வெளியே மிதப்பதற்கான உடை அன்று அது. ஏறும்போதும் இறங்கும்போதும் கலத்தில் காற்று கசிந்துவிட்டால் உயிரைக் காப்பதே அதன் பணி. எடை சுமார் 10 கிலோ.

அந்த உடை பிறந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1971 ஜூன் 30-ஆம் தேதி சோயுஸ் 11 பூமிக்குத் திரும்பும்போது, ஒரு வால்வு முன்கூட்டியே திறந்து காற்று முழுவதும் வெளியேறியது. இடநெருக்கடி காரணமாக மூன்று வீரர்களும் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. மூவரும் உயிரிழந்தனர். அதன் பிறகே சோகோல் உருவாக்கப்பட்டு, 1973 முதல் சோயுஸ் பயணங்களில் கட்டாயமானது.

சோகோல் உடையை நெஞ்சுப் பகுதியின் திறப்பு வழியாக அணிவார்கள். உள்ளே இருக்கும் காற்றுப்பையின் வாயைச் சேர்த்துச் சுருட்டி, எதைக் கொண்டு கட்டுகிறார்கள் தெரியுமா? ரப்பர் வளையத்தால்! கடையில் பொட்டலத்தின் வாயைச் சுருட்டி ரப்பர் போடுவதைப் போலவே, காற்று கசியாமல் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள்.

ரப்பருக்கும் வயதாகும்

அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் வளையம் தொட்டதும் உடைவதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள உயிர்வாயுவும் ஓசோனும் ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குவதே காரணம். நிலவுக்குச் சென்ற உடைகளுக்கும் இதே கதிதான். அவற்றின் ரப்பர் பகுதிகள் இறுகி, வெடித்து வருகின்றன. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங்கின் உடை 2006-இல் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. பாதுகாப்பு வேலைகள் முடிந்து 2019 ஜூலையில்தான் மக்கள் அதை மீண்டும் பார்த்தனர்.

சில நாள் பயணத்துக்கு ரப்பர் போதும். பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அணிய வேண்டிய உடைக்கு அது போதாது. அதனால் இன்றைய விண்வெளி நிலைய உடையின் காற்றுப்பை, யூரித்தேன் பூசிய நைலான் துணியால் ஆனது. அதற்கு மேல், பை உப்பாமல் பிடிக்கும் டாக்ரான் அடுக்கு. அதற்கும் மேல், வெப்பத்தைத் தடுக்கும் பளபளப்பான மெல்லிய அடுக்குகளும், நுண்கற்கள் மோதினால் தாங்கும் துணியும். நெஞ்சுப் பகுதி கண்ணாடியிழையால் ஆன கெட்டியான கூடு.

வெயிலில் 121 டிகிரி செல்சியஸ், நிழலில் உறைநிலைக்குக் கீழே 157 டிகிரி. இந்த இரண்டையும் உடை தாங்க வேண்டும். விந்தை என்னவென்றால், வீரருக்குப் பெரிய தொல்லை அவருடைய உடல் வெப்பம்தான். சுற்றிலும் காற்று இல்லாததால் வெப்பம் வெளியேற வழியில்லை. எனவே உள்ளே அணியும் உடுப்பில் சுமார் 90 மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நீரே ஒரு நாள் எமனாகப் பார்த்தது. 2013 ஜூலை 16-ஆம் தேதி, இத்தாலிய வீரர் லூக்கா பர்மித்தானோவின் தலைக்கவசத்துக்குள் நீர் கசிந்து கண், மூக்கு, காதை மூடியது. எடையற்ற நிலையில் நீர் கீழே வடியாது, முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அவர் பாதுகாப்பு வடத்தைத் தடவிப் பிடித்தபடி நிலையத்துக்குத் திரும்பினார். நீரைப் பிரிக்கும் கருவியில் ஏற்பட்ட அடைப்பே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது.

நிலவுக்கு மீண்டும் செல்ல, ஆக்சியம் நிறுவனம் புதிய உடையை உருவாக்கி வருகிறது. அதன் பின்புறக் கதவு வழியாக நுழைந்து அணியலாம். ஆனாலும் எல்லா வடிவமைப்பாளர்களையும் இன்றுவரை திணற வைப்பது கையுறைதான். விறைத்த விரல்களோடு ஆறேழு மணி நேரம் திருகாணி முடுக்கும் வீரர்களின் நகங்கள் கழன்றுபோனதும் உண்டு. விரல் நுனியில் தொடு உணர்வு கிடைக்க, அங்கே சிலிக்கோன் ரப்பரைப் பொருத்துகிறார்கள். இதைவிட நல்ல கையுறையைச் செய்யப்போவது, இன்று பள்ளியில் அழுத்தமும் பாலிமரும் படிக்கும் யாராகவும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்

1. மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை நன்றாக ஊதி, வாயைக் கட்டுங்கள். ஒரு விரலை மடக்கிவிட்டுக் கையை எடுங்கள். என்ன நடக்கிறது?

2. கொஞ்சம் காற்றைக் குறைத்து மறுபடியும் மடக்குங்கள். லியோனோவ் ஏன் அழுத்தத்தைக் குறைத்தார் என்பது விளங்கும்.

3. வெறும் கையால் ஒரு மரையைத் திருகாணியில் மாட்டி, எத்தனை விநாடி ஆனது என்று குறியுங்கள். பிறகு இரண்டு சோடி கனத்த சமையலறைக் கையுறைகளை அணிந்து அதையே செய்யுங்கள்.

இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டு, ஐந்து நண்பர்களின் முடிவுகளை அட்டவணையாக்கி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.