மால்குடிச் சிறுவர்களின் எம்.சி.சி.

ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனின் முயற்சியால் 1935இல் லண்டனில் வெளியான ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான 'சுவாமியும் நண்பர்களும்', மால்குடி என்னும் கற்பனை ஊரின் சிறுவர் கிரிக்கெட்டின் நகைச்சுவையை ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய ஏற்பாடுகளிலேயே மிகுதியாகக் கண்டெடுக்கிறது. மட்டையும் பந்தும் கைக்கு வருமுன்பே, லண்டனின் மெரில்போன் கிரிக்கெட் சங்கத்தைக் குறிக்கும் எம்.சி.சி. என்னும் சுருக்கப் பெயரைத் தங்கள் மால்குடி கிரிக்கெட் சங்கத்துக்குச் சூட்டிக்கொள்ளும் சிறுவர்கள், சங்கத்துக்கு அரசு வரி விதிக்குமோ என்றும் கவலைப்படுகின்றனர். மட்டை கேட்டுக் கடைக்கு எழுதிய கடிதத்துக்கு முன்பணம் கோரி வரும் பதிலோ அவர்களுக்குப் புரிவதே இல்லை. குழந்தைகளின் அறியாமையை எள்ளாமல், அவர்களுடைய தீவிரத்தை மதித்தே சிரிக்கவைக்கும் அரிய கலை இது. ஆங்கிலேயப் பந்துவீச்சாளர் மாரிஸ் டேட்டின் பெயரால் தோழர்கள் அழைக்கும் கதைநாயகன் சுவாமிநாதன், வீட்டைவிட்டு ஓடிக் காட்டில் வழிதவறி மீட்கப்படும்போது, அவன் ஆடவேண்டிய போட்டி தோல்வியில் முடிந்திருக்கிறது.