சீட்டு வந்தால் மருந்தாகிவிடுமா?

தாய்லாந்தில் 2025 ஜூன் 26 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்து, மூன்றாண்டு கடை கடையாக விற்கவிட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. பாங்காக் போகவிருக்கும் வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்கிறார்கள்: “அப்படியானால் இப்போது அது மருந்துதானே?”

“மருத்துவக் கஞ்சா” என்பது அரசுகள் வைத்த பெயர். பூ அதே பூ. சீட்டு மட்டும் புதிது. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை வேளை என்று சோதித்து நிறுவியதைத்தான் மருந்து என்பேன். அப்படித் தேறியவை மிகச் சில. அவற்றில் ஒன்று எபிடியோலெக்ஸ். செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத சிபிடி என்ற பொருளின் திரவம். டிராவே, லெனாக்ஸ்-கஸ்டாட் என்ற இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது.

போதை இல்லையென்றால் பக்கவிளைவும் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். என்னை உறுத்துவது அதுதான். நாம் விழுங்கும் மருந்துகளை உடைத்து அப்புறப்படுத்தக் கல்லீரலில் நொதிகள் உண்டு. அவற்றில் 2சி19 என்ற நொதியைச் சிபிடி முடக்குகிறது. வலிப்புள்ள குழந்தைகள் பலர் குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். அது உடைந்து உண்டாகும் பொருளுக்கும் வீரியம் உண்டு. அதை வெளியேற்றுவது இந்த நொதியே. நொதி முடங்கினால் அப்பொருள் ரத்தத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு ஏறுகிறது. மாத்திரையின் அளவு மாறவில்லை, குழந்தையோ தூங்கி வழிகிறது. வலிப்பு குறைந்தது சிபிடியாலா, தேங்கிய குளோபசாமாலா என்று நிபுணர்களே வாதாடினார்கள். 2019இல் இந்த இரு நோய்களுக்கும் அனுமதி தந்த ஐரோப்பா, குளோபசாமுடன் சேர்த்துத் தர மட்டுமே இசைந்தது. வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துடன் சிபிடி சேர்ந்தால் கல்லீரலே பாதிக்கப்படலாம்.

பூவைப் புகைத்தால்? அதிலுள்ள, போதை தரும் டிஎச்சி என்ற பொருளால் படபடப்பு, பதற்றம், நினைவுத் தடுமாற்றம்.

தின்பண்டமாகத் தின்றால்? ஏறவே ஒன்றிரண்டு மணி நேரமாகும். அதற்குள் இன்னொரு துண்டு தின்றால் அளவு மீறிவிடும்.

ஆண்டுக்கணக்கில் தினமும்? சிலருக்கு ஓயாத வாந்தி. அறவே விட்டால்தான் தீரும்.

குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால்? தொடவே கூடாது.

கர்ப்பிணிகள்? வேண்டாம்.

ஊருக்கு எடுத்து வரலாமா? தாய்லாந்துச் சீட்டு இந்தியாவில் காக்காது; 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாக் கடத்தல் வழக்குதான்.

அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், மூட்டுவலிக்குச் சிபிடி எண்ணெய் தரலாமா? ரத்தக்கசிவு வரை போகலாம்; ரத்தம் உறையும் வேகத்தை (ஐ.என்.ஆர்.) பார்க்கும் மருத்துவரிடம் புட்டியைக் காட்டாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.