எல்லாமே ‘ஃப்ரை’ இல்லை பாஸ்! - ஒரு சமையல் வார்த்தையும் அதன் பல முகங்களும்

பீன்ஸ் பொரியலை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்வீங்க? ‘பீன்ஸ் ஃப்ரை’. உருளைக்கிழங்கு வறுவல்? ‘பொட்டேட்டோ ஃப்ரை’. வெங்காயம் வதக்கணுமா? ‘ஆனியனை ஃப்ரை பண்ணு’. ரவை வறுக்கணுமா? அதுவும் ஃப்ரைதான். அப்பளம் பொரிச்சா? சந்தேகமே இல்லாம ஃப்ரை!

நம்ம ஊருக்குள்ள இப்படிப் பேசுற வரைக்கும் பிரச்னை இல்லை. எதிர்ல இருக்கிறவருக்கும் நம்ம அடுப்படி தெரியும். ஆனா, படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போறீங்க. அங்கே ஒரு டாக்டர், ‘தினமும் என்ன சாப்பிடுறீங்க?’னு கேட்கிறார். ‘மதியம் ஒரு வெஜிடபிள் ஃப்ரை’னு சொல்றீங்க. நீங்க சொன்னது ரெண்டு ஸ்பூன் எண்ணெயில வதக்கின காய். அவர் நினைக்கிறது எண்ணெயில முக்கியெடுத்த பஜ்ஜி மாதிரி ஏதோ ஒண்ணை. ‘முதல்ல அதை நிறுத்துங்க’ன்னு அவர் சொன்னா, நிற்கப்போறது உங்க தட்டுல இருந்த ஒரே காய்கறி!

அதனால, இந்தக் குட்டி வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சு மேய்வோம்.

எண்ணெய் இருந்தாதான் ஃப்ரை

இன்றைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரை’ என்றால், சூடான எண்ணெயிலோ கொழுப்பிலோ சமைப்பது. லத்தீன் மொழியின் ‘ஃப்ரிகெரே’ என்ற சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆகியிருக்கு. லத்தீன்ல வறுக்கிறதுக்கும் பொரிக்கிறதுக்கும் அந்த ஒரே சொல்தான். நம்ம ‘வறு’வும் அப்படித்தானே? ரவையையும் வறுப்போம், மீனையும் வறுப்போம். ஆனா, ஆங்கிலத்தில் எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பெயரே மாறும்.

டீப் ஃப்ரை: பொருள் முழுசா எண்ணெயில மூழ்கணும். எண்ணெயின் சூடு வழக்கமா 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் இருக்கும். அப்பளம், வடை, பஜ்ஜி எல்லாம் இந்தக் கட்சி.

ஷாலோ ஃப்ரை: எண்ணெய் பாதி உயரத்துக்குத்தான். ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போடணும். தோசைக்கல்லுல போடுற மீன் வறுவல், கட்லெட் எல்லாம் இந்த வகை.

சாட்டே: கொஞ்சம் எண்ணெய்ல கிளறிக்கிட்டே வதக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘குதிப்பது’ என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. பாத்திரத்தைக் குலுக்கும்போது காய்கள் துள்ளுதே, அதான். நம்ம ‘வதக்கு’க்கு ரொம்ப நெருக்கமான சொல் இதுதான்.

ஸ்டிர் ஃப்ரை: பெரிய தீயில, வேகவேகமா கிளறிக்கிட்டே சமைக்கிறது. இந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கு. சீன மொழியில இந்த முறைக்கு ‘சாவ்’னு பேரு. ஆங்கிலத்தில் அதுக்குச் சரியான சொல் இல்லை. 1945-ல் அமெரிக்காவில் சீனச் சமையல் புத்தகம் எழுதிய டாக்டர் புவெய் யாங் சாவ், அந்தப் புத்தகத்துல ‘ஸ்டிர் ஃப்ரை’ங்கிற சொல்லைப் பயன்படுத்தினார். இன்னிக்கு உலகம் முழுக்க அதைத்தான் சொல்றாங்க.

ஏர் ஃப்ரை: பேர்லதான் ஃப்ரை. உள்ளே நடக்கிறது வேற. ஃபேன் வெச்ச சின்ன அவன்தான் அது. சூடான காற்றைச் சுழல விடுது, அவ்வளவுதான். ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் ‘ஏர்ஃப்ரையர்’னு அறிமுகப்படுத்தின பிறகு, அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு.

ரவையில எண்ணெய் ஊத்திடுவாங்க!

வெளிநாட்டு ரூம்மேட் உப்புமா ரெசிபி கேட்கிறார்னு வெச்சுக்கோங்க. ‘முதல்ல ரவையை ஃப்ரை பண்ணு’ன்னு மெசேஜ் அனுப்பினா, அவர் தாராளமா எண்ணெய் ஊத்திடுவார். வெறும் வாணலியில் வறுக்கிறதுக்கு ‘ட்ரை ரோஸ்ட்’ அல்லது ‘டோஸ்ட்’னு சொல்லணும். மல்லி, மிளகாய், சீரகம் வறுக்கிறதுக்கும் அதேதான்.

அடுத்த சிக்கல், தாளிப்பு. இந்திய ஆங்கிலத்தில் ‘டெம்பர்’னு சொல்றோம். ஆனா, மேற்கத்திய சமையல்ல டெம்பர் என்றால் பெரும்பாலும் சாக்லேட்டைப் பக்குவமா உருக்கி ஆறவைக்கிறது. ‘சீசனிங்’னு சொன்னா, உப்பும் மிளகுத்தூளும் தூவிடுவாங்க. பேசாம, ‘சூடான எண்ணெயில கடுகைப் போட்டு, அது வெடிச்சதும் மேல ஊத்து’ன்னு செய்முறையாவே சொல்லிடுங்க. பிரச்னை முடிஞ்சது.

லண்டன்ல ‘சிப்ஸ்’ கேட்டா, தடிமனான ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வரும். பாக்கெட்ல வர்ற நம்ம சிப்ஸுக்கு அங்கே ‘கிரிஸ்ப்ஸ்’னு பேரு. அமெரிக்காவில் சிப்ஸ்னா, நம்ம ஊர் மாதிரி சிப்ஸேதான்.

கிச்சனுக்கு வெளியே

‘ஸ்மால் ஃப்ரை’னு யாராவது சொன்னா, சின்ன சைஸ் ஃப்ரைஸ்னு நினைச்சுடாதீங்க. முக்கியத்துவம் இல்லாத ஆள்னு அர்த்தம். இங்கே ஃப்ரை என்பது மீன்குஞ்சு. எழுத்து ஒண்ணா இருந்தாலும் இது தனி வார்த்தை. ‘சின்ன மீன்களைப் பிடிச்சுட்டு திமிங்கலத்தை விட்டுட்டாங்க’ன்னு நாம சொல்றோமே, அதே சின்ன மீன்தான்!

‘பிக்கர் ஃபிஷ் டு ஃப்ரை’ - எனக்கு இதைவிட முக்கியமான வேலை இருக்குன்னு அர்த்தம். நண்பர்கள்கிட்ட ஓகே. கிளையன்ட்கிட்ட சொன்னா, ‘உன் வேலை எனக்குப் பெருசில்லை’னு சொன்ன மாதிரி ஆகிடும்.

‘மை பிரெய்ன் இஸ் ஃப்ரைடு’ - யோசிச்சு யோசிச்சு மூளை களைச்சுப்போச்சு. இதில் ‘பிரெய்ன்’ முக்கியம். வெறுமனே ‘ஐ ஆம் ஃப்ரைடு’ன்னா, பேச்சு வழக்கில் போதையில இருக்கேன்னும் அர்த்தம் வரும். மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பும்போது கவனம்!

ஒருத்தரை நெட்டிசன்கள் ‘வறுத்தெடுத்தாங்க’ன்னு எழுதுறோம். ஆங்கிலத்தில் அது ‘ரோஸ்ட்’, ஃப்ரை இல்லை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஒருத்தர் ‘ஃப்ரை’ ஆனார்னா, மின்சார நாற்காலியில் மரண தண்டனை பெற்றார்னும் பொருள் உண்டு. ட்ரோல் பண்ணினதுக்கு அவ்வளவு பெரிய தண்டனை வேணாமே!

ஒரே ஒரு கேள்வி போதும்

அடுத்த முறை ‘ஃப்ரை’ வாய்க்கு வரும்போது, ‘எண்ணெய் எவ்வளவு?’னு உங்களையே கேட்டுக்கோங்க. எண்ணெயே இல்லைன்னா ரோஸ்ட். ரெண்டு ஸ்பூன்னா சாட்டே. பாதி உயரம்னா ஷாலோ ஃப்ரை. மூழ்கினா டீப் ஃப்ரை.

இன்னும் சுலபமான வழியும் இருக்கு. பொரியலைப் ‘பொரியல்’னே சொல்லிட்டு, ‘கொஞ்சம் எண்ணெய்ல வதக்கி, தேங்காய் தூவின காய்’னு ஒரு வரி விளக்கம் கொடுங்க. இட்லியும் தோசையும் ஏற்கெனவே ஆங்கில அகராதிக்குள்ள போய் உட்கார்ந்தாச்சு. பொரியலுக்கு மட்டும் எதுக்கு இரவல் பேரு?