பம்ப் வாங்கியாச்சு... செட் எது?

"பம்ப் பத்தி எல்லாமே விசாரிச்சோம் டாக்டர். எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் வாரண்டி, தண்ணி பட்டா என்ன ஆகும்... எல்லாம் கேட்டாச்சு. இந்தச் சின்ன டியூபைப் பத்தி மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லலையே!"

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு இன்சுலின் பம்ப் வாங்கிய பெற்றோர் பலர் முதல் மாதத்திலேயே இப்படித்தான் புலம்புகிறார்கள். நியாயமான புலம்பல்தான். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. படுத்துவது அதன் நுனியில் இருக்கும் அந்த அரை இஞ்சு கூட இல்லாத குழாய்!

முதலில் அது என்னவென்று பார்த்துவிடலாம். பம்புக்குள் இன்சுலின் நிரப்பிய ஒரு சின்னக் குப்பி. அதிலிருந்து மெல்லிசாக ஒரு டியூப். டியூபின் மறு நுனியில் வட்டமாக ஒரு பிளாஸ்டர். அந்தப் பிளாஸ்டருக்கு அடியில், தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பில் போய் உட்காரும் ஒரு நுண்ணிய குழாய் அல்லது ஊசி. டியூப், பிளாஸ்டர், குழாய் மூன்றும் சேர்ந்ததுதான் 'இன்ஃபியூஷன் செட்'. பம்ப் வருஷக்கணக்கில் வரும். செட்டை 2, 3 நாளைக்கு ஒரு தடவை மாற்றியாக வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் ஒன்று உடம்பில் கையிருப்பாக இருக்கும். பம்பில் அது கிடையாது. வேகமாக வேலை செய்யும் இன்சுலினை மட்டும் சொட்டுச் சொட்டாக உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு நின்று போனால், சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இல்லை. சர்க்கரை ஏறும், கீட்டோன் சேரும், வாந்தி வரும். கவனிக்காமல் விட்டால் ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ண வேண்டிய ஆபத்து.

"அடைச்சுக்கிட்டா பம்ப்தான் அலாரம் அடிக்குமே?" என்பீர்கள். அடிக்கும். ஆனால் எப்போது? டியூபுக்குள் அழுத்தம் கூடினால்தான் அடிக்கும். சின்னக் குழந்தைக்கு மணிக்குப் போகும் இன்சுலினே ரொம்பக் குறைச்சல். அழுத்தம் ஏறவே பல மணி நேரம் ஆகலாம். குழாய் வெளியே நழுவி இன்சுலின் பிளாஸ்டரில் கசிந்துகொண்டிருந்தாலோ, அலாரமே வராது! பம்பைப் பொறுத்தவரை மருந்து போய்க்கொண்டிருக்கிறது. குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. சர்க்கரையைப் பார்த்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் புது ரக பம்புகளுக்கும் இதே கதைதான். செட் கோணலாக இருந்தால் அதன் புத்திசாலித்தனம் எதற்கும் உதவாது.

சரி, எந்தச் செட்? பெரும்பாலும் பம்போடு வரும் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதையே தொடர்ந்து வாங்குகிறோம். காலுக்கு அளவு பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரிதான் இது. மூன்று வகை இருக்கின்றன. உங்கள் குழந்தையின் உடம்பையும் சேட்டையையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலாவது, நேராக இறங்கும் டெஃப்லான் குழாய். ஊசியோடு உள்ளே போகும், பிறகு ஊசியை உருவி எடுத்துவிடலாம், மெத்தென்ற குழாய் மட்டும் உள்ளே தங்கும். 6 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என்று நீளங்கள் உண்டு. ஸ்பிரிங் வைத்த கருவியில் 'டக்'கென்று அழுத்தினால் முடிந்தது. பெரிய பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்ளலாம். ஒல்லியான குழந்தைக்கு 6 போதும். 9 போட்டால் கொழுப்பைத் தாண்டித் தசையில் இடித்து மடங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பிள்ளைக்கு 6 சில சமயம் மேலோட்டமாக நின்று நழுவிவிடும், அவர்களுக்கு 9. இந்த வகையின் பெரிய தொல்லை மடங்குவதுதான். உள்ளே மடங்கிக் கிடப்பது வெளியே தெரியவும் தெரியாது.

இரண்டாவது, சாய்வாக இறங்கும் டெஃப்லான் குழாய். 13, 17 மில்லிமீட்டர் என்று பார்க்க நீளமாக இருக்கும். "ஐயோ, இவ்வளவு நீளமா?" என்று பதற வேண்டாம். 30 முதல் 45 டிகிரி சாய்வில் போவதால் ஆழம் அதிகமில்லை. உடம்பில் சதையே இல்லாமல் நீச்சல், கபடி என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு இது நன்றாக நிற்கும். குழாய் இறங்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்க முடியும் என்பது இன்னொரு வசதி. சிவந்திருக்கிறதா, ரத்தம் தெரிகிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் கையால் சாய்த்துக் குத்துவதற்குப் பழக்கம் வேண்டும். நீளமான ஊசியைப் பார்த்ததும் குழந்தை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதும் உண்டு!

மூன்றாவது, ஸ்டீல் ஊசி. "ஊசியே வேண்டாம்னுதானே பம்ப் வாங்கினோம், திரும்பவும் ஊசியா?" என்று பல அம்மாக்கள் முகத்தைச் சுளிக்கும் ரகம். என்னைக் கேட்டால், மிகவும் சின்னக் குழந்தைக்கும், டெஃப்லான் அடிக்கடி மடங்கிப் பாடுபடுத்தும் குழந்தைக்கும் தயங்காமல் முயற்சி பண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஊசி மிகவும் மெல்லிசு. மடங்கவே மடங்காது. போடுவதும் சுலபம்; கருவி எதுவும் வேண்டாம். பல ஸ்டீல் செட்டுகளில் ஊசிக்குச் சற்றுத் தள்ளி இரண்டாவது பிளாஸ்டர் ஒன்று இருக்கும். டியூபைக் கழற்றி மாட்டுவது அங்கேதான். டியூப் எங்காவது மாட்டி இழுத்தாலும் அந்த இழுப்பு ஊசிவரை போகாது. குறை என்ன? 2 நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அடிபட்டால் சுருக்கென்று குத்தும் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். எல்லாச் செட்டும் எல்லாப் பம்புக்கும் பொருந்தாது. சில கம்பெனிகளுக்கு அவர்களுடைய இணைப்பே தனி. யாரோ மிச்சம் இருக்கிறது என்று கொடுத்ததை வாங்கி வந்து மாட்டப் பார்க்காதீர்கள். முழுப் பெட்டி வாங்குவதற்கு முன், டாக்டரிடமோ கம்பெனி ஆளிடமோ இரண்டு மூன்று வகையில் ஒவ்வொன்று சாம்பிள் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

டியூப் நீளமும் 60 சென்டிமீட்டர், 110 சென்டிமீட்டர் என்று பலவகை. முதுகில் சின்னப் பையில் பம்பைச் சுமக்கும் வாண்டுக்குக் குட்டை டியூப். கதவுக் கைப்பிடியில் மாட்டாது. வளர்ந்த பெண் பிள்ளை சுடிதாருக்குள் பம்பை மறைத்து வைக்க விரும்பினாலோ, தூங்கும்போது புரண்டு படுத்தாலோ நீளமானது சௌகரியம். அவ்வளவுதான்.

எங்கே போடுவது? குட்டிக் குழந்தைக்குப் பின்பக்கத்தின் மேல்பகுதி உத்தமம். சதை இருக்கும், கை எட்டாது, பிய்த்துப் போடாது! மற்றவர்களுக்கு வயிறு (தொப்புளிலிருந்து 2 இஞ்சு தள்ளி), தொடை, மேல்கையின் பின்புறம். ஸ்கூல் யூனிஃபார்ம் பெல்ட் உரசும் இடம் கூடாது. ஒவ்வொரு தடவையும் பழைய இடத்திலிருந்து ஒரு இஞ்சாவது தள்ளிப் போடுங்கள். "இங்கே போட்டா வலிக்கல" என்று குழந்தை ஒரே இடத்தைக் காட்டும். வலிக்காததற்குக் காரணமே அங்கே கொழுப்புக் கட்டி தட்டிப்போனதாக இருக்கலாம். அந்த மேட்டில் போட்ட இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. வாரம் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு வருவோம். வியர்வையில் பிளாஸ்டர் உரிவது பெரிய தலைவலி. போடும் இடத்தை சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பவுடர், க்ரீம் எதுவும் அங்கே படக்கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடுகளில், எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் புது செட்டைப் போட்டுவிட்டு, மத்தியானம் அது உரிந்து தொங்குகிறதே என்று அழுது பயனில்லை. குளித்து, எண்ணெய்ப் பசை போன பிறகு புதுசை ஒட்டுங்கள். எண்ணெய் ஊறட்டும் என்று பம்பைக் கழற்றி வைத்துவிட்டு மணிக்கணக்கில் இருக்கவும் கூடாது. கழற்றி வைப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

செட் மாற்ற நேரம் எது? இங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். வேலையெல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு, குழந்தை தூங்கி விழும்போது மாற்றுவது. குழாய் மடங்கியிருந்தால் தெரிவது விடியற்காலையில்தான், அதுவும் வாந்தியோடு! காலையிலோ சாயங்காலம் டிபனுக்கு முன்போ மாற்றுங்கள். மாற்றிய 2 மணி நேரத்தில் சர்க்கரை பாருங்கள். குத்தும் வலிக்குப் பயப்படும் குழந்தைக்கு, தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீமை டாக்டரைக் கேட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே தடவலாம். போடும் முன் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். வலது பக்கமா, இடது பக்கமா என்பதைக் குழந்தையே முடிவு பண்ணட்டும். பாதி அழுகை அதிலேயே அடங்கிவிடும்.

டியூபில் காற்றுக் குமிழி வராமல் இருக்க, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினின் ஜில்லிப்பு போன பிறகு குப்பியில் நிரப்புங்கள். இன்னொன்று... இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால்கூடத் தப்பில்லை. டியூபை இன்சுலினால் நிரப்பும்போது, அது குழந்தையின் உடம்போடு இணைந்திருக்கவே கூடாது. நிரப்புகிற இன்சுலின் மொத்தமும் உள்ளே போய்விட்டால், சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

இப்போது அந்த ராத்திரி விஷயம். காரணமே இல்லாமல் சர்க்கரை 250 மில்லிகிராமுக்கு மேல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே கீட்டோன் பாருங்கள். கீட்டோன் இல்லை என்றால், பம்ப் மூலமே ஒரு தடவை கூடுதல் இன்சுலின் கொடுத்துவிட்டு, ஒன்று முதல் 2 மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள். இறங்கவில்லையா? பம்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கும் அளவை பேனாவாலோ சிரிஞ்சாலோ போட்டுவிட்டு, செட்டை மாற்றுங்கள். கீட்டோன் இருந்தாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ இரண்டாவது சோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. உடனே ஊசி, புது செட், டாக்டருக்குப் போன். நீங்கள் கையால் போட்ட ஊசிக் கணக்கு பம்புக்குத் தெரியாது என்பதால், அளவையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மேலே மேலே போட்டு அப்புறம் தாழ் சர்க்கரையில் கொண்டுபோய் விடக்கூடாது.

கழற்றிய செட்டைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் பாருங்கள். குழாய் வளைந்திருக்கிறதா? உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா? பிளாஸ்டர் நனைந்திருக்கிறதா? முகர்ந்தும் பார்க்கலாம். இன்சுலினில் கலந்திருக்கும் மருந்துப் பொருளால் லேசாக பினாயில் மாதிரி ஒரு வாசனை வரும். பிளாஸ்டரில் அந்த வாசனை வந்தால், கசிந்திருக்கிறது என்று அர்த்தம். மாதத்தில் இரண்டு மூன்று தடவை குழாய் வளைந்தே வெளியே வந்தால், குற்றம் உங்கள் கைமேல் இல்லை. அந்த வகை உங்கள் குழந்தைக்கு ஒத்துவரவில்லை. டாக்டரிடம் வகையை மாற்றச் சொல்லுங்கள்.

செலவு? மறைப்பானேன், கை கடிக்கிற செலவுதான். பெட்டிக்கு 10 செட் என்று வருகிறது. 3 நாளைக்கு ஒன்று என்றால் சரியாக ஒரு மாதம். ஸ்டீல் என்றால் மாதம் 15 வேண்டும். நடுவில் உரிந்தது, மடங்கியது என்று இரண்டு மூன்று வீணாகும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 நாள் செட்டை 5 நாள் ஓட்டுகிற வீடுகள் எத்தனையோ. திட்ட மனசு வரவில்லை. ஆனால் நாள் கூடக் கூட அந்த இடம் சிவந்து சீழ் கட்டலாம், இன்சுலின் உறிஞ்சுவதும் குறையும். சர்க்கரை ஏற, இன்சுலின் கூடுதலாகச் செலவாகும். ஒரு வாரம் தாங்கும்படி தனியாகத் தயாரித்த செட்டுகள் சில நாடுகளில் வந்திருக்கின்றன. அது வேறு பொருள்; சாதாரண செட்டை அந்தக் கணக்கில் ஓட்ட முடியாது. பணம் இடிக்கிறது என்றால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில மாதம் பேனா ஊசிக்கே திரும்புவது ஒன்றும் அவமானம் இல்லை. பழைய செட்டோடு பம்ப் கட்டிக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ பத்திரம்.

நாளைக்குக் காலையில் ஸ்கூல் பையைத் திறந்து பாருங்கள். ஒரு புது செட், இன்சுலின் பேனாவும் ஊசியும், சர்க்கரை பார்க்கும் மீட்டர், கீட்டோன் ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பாக்கெட், உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை. இன்சுலின் பேனாவை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும். கிளாஸ் டீச்சரைப் பார்த்து, பி.டி. பீரியடில் பிளாஸ்டர் உரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.